எண்ணெய்த் தொட்டியும் அடிநீரும்

ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இருவரை "எண்ணெயும் தண்ணீரும் போல" என்று கூறுவது தமிழ்நாட்டு வழக்கு. ஒட்டாத பொருள்கள் எளிதில் பிரிந்துவிடும் என்பதும், பிரிந்தவற்றைத் தனித்தனியே எடுத்துவிடலாம் என்பதும் அவ்வழக்கில் அடங்கிய எண்ணமாகும். சமையலறைக் கிண்ணத்தில் இது முற்றிலும் உண்மை. ஆயின், ஐம்பது லட்சம் லிட்டர் கொள்ளும் எஃகுத் தொட்டி ஒன்றில், மேலே நாற்பதடி உயரத்திற்கு எரிபொருளும் அதன் அடியில் ஓரங்குலம் நீரும் நிற்கும்பொழுது, அந்த ஓரங்குலத்தைப் பிரித்து எடுப்பது எளிய செயலன்று. மழையிலும் இரவிலும் ஒரு தொழிலாளி வால்வுக்கு அருகில் நின்று, வருவது நீரா எண்ணெயா என்று கண்ணால் பார்த்தும் மூக்கால் முகர்ந்தும் தீர்மானிக்கும் முறை பல காலமாக உலகெங்கும் இருந்து வருகிறது. அந்தத் தொழிலாளியின் இடத்தில் ஒரு கருவியை அமர்த்துவது தகுமா, தகுமெனில் எந்த அளவிற்கு என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி.

பெங்களூர் இக்கேள்விக்குப் பொருத்தமான களமாகும். நகரின் கிழக்கே, ஹொஸ்கோட்டே வட்டத்தில், சென்னை செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்துள்ள தேவனகொந்தியில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் சேமிப்பு நிலையங்கள் உள்ளன. மங்களூரிலிருந்து ஹாசன் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும் ஏறத்தாழ 360 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் 2003ஆம் ஆண்டு முதல் இங்கு எரிபொருளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சென்னையிலிருந்தும் ஒரு குழாய் வருகிறது. 2008ஆம் ஆண்டு தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்ட பின்னர், விமான டர்பைன் எரிபொருளை அங்கு எடுத்துச் செல்வதற்கென்றே தேவனகொந்தியிலிருந்து தனிக் குழாய் ஒன்றும் அமைக்கப்பட்டது. கடலோரத்தின் வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றிலிருந்து புறப்பட்டு, கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ந்த பீடபூமியை வந்தடையும் எரிபொருளுக்கு நீர் ஒரு வழித்துணையாகவே அமைகிறது.

நீர் எங்கிருந்து வருகிறது?

தொட்டிக்குள் எவரும் நீரை ஊற்றுவதில்லை. எனினும் நீர் வந்து சேர்கிறது. இதற்கு மூன்று வாயில்கள் உண்டு.

முதலாவது, எரிபொருளிலேயே கரைந்திருக்கும் நீர். எண்ணெயில் நீர் கரையாது என்பது முழு உண்மையன்று. மிகச் சிறிதளவு கரையும். விமான எரிபொருளைக் கையாளுவோரிடையே ஓர் எளிய கணக்கு வழங்குகிறது. பாரன்ஹீட் அளவில் வெப்பநிலை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பங்கு நீர், பத்து லட்சம் பங்கு எரிபொருளில் கரைந்து நிற்கும் என்பதே அது. 95 பாகையில், அதாவது 35 பாகை சென்டிகிரேடில், நீர் நிறைவுற்ற எரிபொருள் 68 பாகைக்கு, அதாவது 20 பாகை சென்டிகிரேடுக்குக் குளிர்ந்தால், பத்து லட்சத்தில் 27 பங்கு நீர் வெளியே தள்ளப்படும். ஐம்பது லட்சம் லிட்டர் எரிபொருளில் இது 135 லிட்டராகும். சூடான கரையோரத்திலிருந்து வரும் சரக்கு வழியிலேயே குளிர்ந்து, தன் நீரில் ஒரு பகுதியைக் குழாயிலும், எஞ்சியதைத் தொட்டியிலும் உதிர்க்கிறது.

இரண்டாவது, தொட்டியின் மூச்சு. நிலையான கூரையுள்ள தொட்டி, எரிபொருள் வெளியே செல்லும்போதும் இரவில் குளிரும்போதும் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. நிரம்பும்போதும் பகலில் சூடேறும்போதும் வெளிவிடுகிறது. உள்ளே வந்த காற்றின் ஈரம் குளிர்ந்த எஃகுச் சுவரில் பனித்துளியாகப் படிந்து, சுவர் வழியே வழிந்து அடியில் சேர்கிறது.

மூன்றாவது, மழை. பெட்ரோல் போன்ற ஆவியாகும் எரிபொருள்களுக்கு, எண்ணெயின் மீதே மிதக்கும் கூரையுள்ள தொட்டிகள் பயன்படுகின்றன. 24 மீட்டர் விட்டமுள்ள அத்தகைய கூரையின்மீது 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், 22,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் அதன்மேல் விழுகிறது. பெங்களூரில் ஒரு மாலை நேரத்து இடிமழைக்கு இவ்வளவு பெய்வது அரிதன்று. கூரையின் நடுவிலிருந்து தொட்டியினூடே கீழிறங்கும் வடிகுழாய் இந்நீரை வெளியேற்ற வேண்டும். அக்குழாயின் மூட்டு ஒன்று பழுதுற்றாலோ, கூரையின் விளிம்பை அடைத்து நிற்கும் பட்டை கிழிந்தாலோ, மழைநீர் எண்ணெய்க்குள்ளேயே இறங்கிவிடும்.

நீரால் விளையும் கேடு

இந்நீர் சும்மா கிடப்பதில்லை. முதலில் அது தொட்டியின் அடித்தகட்டை அரிக்கிறது. எண்ணெய் பட்ட எஃகு துருப்பிடிப்பதில்லை. அதற்கடியில் தேங்கிய நீரே குழிகுழியாக அரித்து, வெளியே தெரியாத கசிவை உண்டாக்குகிறது. கசிந்த எண்ணெய் நிலத்தடி நீரைச் சேரும். ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பி வாழும் பெங்களூரின் கிழக்குப் பகுதி போன்ற வறண்ட நிலத்தில் அதன் விளைவு பல்லாண்டுகளுக்குத் தொடரும்.

அடுத்து, நீரும் எண்ணெயும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில் உயிர்கள் குடியேறுகின்றன. பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் நீரில் வாழ்ந்து எண்ணெயை உணவாகக் கொள்கின்றன. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர்பெற்ற ஒரு வகை, பாசி போன்ற படலமாக வளர்ந்து வடிகட்டிகளை அடைக்கிறது. சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கி அரிப்பை விரைவுபடுத்துகின்றன. நீரின்றி இவற்றுள் எதுவும் வாழாது. ஆகவே நீரை அகற்றுவதே இவற்றைத் தடுக்கும் முதல் மருந்து.

மூன்றாவது கேடு வானத்தில் நேர்வது. 2008 ஜனவரி 17ஆம் நாள் பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த போயிங் 777 விமானம் ஒன்று, தரையிறங்கும் தறுவாயில் இரு எஞ்சின்களிலும் விசை குன்றி, ஓடுபாதையை எட்டாமல் முன்னரே தரையைத் தொட்டது. எரிபொருளில் இருந்த நீர் நெடும்பயணத்தின் குளிரில் பனிக்கட்டியாகி, எரிபொருளைச் சூடேற்றும் கருவியின் வாயை அடைத்ததே காரணமென ஆராய்ச்சி கண்டது. அந்த எரிபொருளின் நீரளவு விதிக்குட்பட்டதாகவே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2010 ஏப்ரல் 13ஆம் நாள் இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாங்காங் சென்ற விமானத்திற்கு நேர்ந்தது வேறு வகை. விமான நிலையத்தின் எரிபொருள் குழாய்களில் புகுந்த உப்புநீர், நீரை உறிஞ்சும் வடிகட்டிகளைச் சிதைத்தது. அவற்றிலிருந்து வெளிப்பட்ட நுண்ணிய உருண்டைகள் எஞ்சின்களின் எரிபொருள் கட்டுப்பாட்டை முடக்கின. அவ்விரு விபத்துகளிலும் உயிரிழப்பு நேராதது விமானிகளின் திறத்தால் வந்த பேறு. விதிக்குட்பட்ட நீரே இவ்வளவு செய்யுமாயின், கவனியாது விடப்பட்ட நீர் என்ன செய்யாது?

கையால் வடிக்கும் முறை

இன்றும் பரவலாக உள்ள முறை எளியது. அளவு நாடாவின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவித் தொட்டிக்குள் இறக்குவர். நீர் பட்ட உயரம் வரை பசை நிறம் மாறும். நீர் இருப்பது தெரிந்தால், அடியிலுள்ள வடிகால் வால்வைத் திறந்து, எண்ணெய் வரத் தொடங்கும் வரை வடிப்பர்.

இம்முறையின் குறை, "எண்ணெய் வரத் தொடங்கும் வரை" என்ற அந்தச் சொற்களிலேயே அடங்கியுள்ளது. எண்ணெய் வந்த பின்னரே நீர் தீர்ந்தது தெரியும். பத்து மீட்டர் உயரத்திற்கு எண்ணெய் நிற்கும் தொட்டியில், ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள திறந்த வாய் வழியே, ஏட்டுக் கணக்கின்படி நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் பாயும். வால்வும் வளைவுகளும் தரும் தடையால் அது பாதியாகக் குறைந்தாலும் ஐந்நூறு லிட்டர். தொழிலாளி அடுத்த தொட்டியைப் பார்க்கச் சென்று ஐந்து நிமிடம் தாமதித்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் எரிபொருள் வடிகாலில் ஓடிவிடும். பெட்ரோலாயின் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தன்னைப் பற்றவைக்கும் பொறியைத் தேடிச் செல்லும்.

வேகமும் ஒரு பகை. குளியல் தொட்டியின் அடைப்பை எடுத்தால் நீர் சுழன்று நடுவில் குழி விழுவதை யாவரும் கண்டிருப்பர். அதுபோலவே, அடியில் நீர்ப்படலம் மெலிந்த நிலையில் வால்வை அகலத் திறந்தால், மேலேயுள்ள எண்ணெய் நீரைக் குடைந்துகொண்டு வெளியேறும். நீரில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். 24 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீரென்பது 4,500 லிட்டர். எண்ணெய் வந்துவிட்டது, ஆகவே நீர் தீர்ந்தது என்று நம்பி வால்வை மூடியவர், அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டிருக்கவும் கூடும். அடித்தகட்டைக் கூம்பு போலச் சரித்து, நடுவில் ஒரு குழியமைத்து, நீரை அங்கே திரட்டுவதும், மெதுவாக வடிப்பதும் இதற்கு மாற்று. ஆனால் மெதுவாக வடித்தல் நெடுநேரம் காத்து நிற்பதைக் கோருகிறது. மனிதரால் மிகக் கடினமாகச் செய்யப்படுவது காத்து நிற்பதேயாகும்.

இரண்டு படிப்பினைகள்

1966 ஜனவரி 4ஆம் நாள் காலை, பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குத் தெற்கேயுள்ள ஃபேசின் சுத்திகரிப்பு ஆலையில், அழுத்தத்தில் வைக்கப்பட்ட புரொப்பேன் கோளத் தொட்டியின் அடியிலிருந்து நீர் கலந்த திரவத்தை ஒரு தொழிலாளி வடித்துக்கொண்டிருந்தார். அது அன்றாட வேலை. முதலில் சிறிதளவே வந்தது. வால்வை மேலும் திறந்தார். குழாயை அடைத்திருந்த பனிக்கட்டி போன்ற பொருள் திடீரென விலகவே, புரொப்பேன் பீறிட்டது. குளிரில் உறைந்த வால்வுகளை மூட இயலவில்லை. ஆவி மேகம் அருகிலிருந்த சாலையை எட்டியது. அங்கு வந்த காரொன்றால் தீப்பற்றியது. பின்னர்க் கோளமே வெடித்தது. உயிரிழந்தோர் பதினெண்மர். அவர்களுள் தீயணைக்க வந்தோரும் இருந்தனர்.

2009 அக்டோபர் 29ஆம் நாள் மாலை ஜெய்ப்பூரை அடுத்த சீதாபுராவில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சேமிப்பு நிலையத்தில் நேர்ந்தது நீர் வடித்தல் அன்று. அண்டை நிலையத்திற்குப் பெட்ரோல் அனுப்பும் பணி. ஆயினும் படிப்பினை ஒன்றே. குழாய் வழியை ஆயத்தம் செய்கையில் ஒரு வால்வின் திறந்த வாயினூடே பெட்ரோல் பீறிட்டது. வால்வருகே நின்றவர் ஆவியால் நிலைகுலைந்தார். உதவச் சென்றவரும் அவ்வாறே ஆனார். தொலைவிலிருந்து தொட்டியை மூடும் ஏற்பாடு அன்று இயங்கும் நிலையில் இல்லை. ஏறத்தாழ 75 நிமிடம் பெட்ரோல் பாய்ந்தபின் பெருந்தீ மூண்டது. பதினொருவர் மாண்டனர். தீ பல நாட்கள் எரிந்தது. அதனை ஆராய்ந்த எம். பி. லால் குழு, தொட்டியை அடுத்த முதல் வால்வு, தடுப்புச் சுவருக்கு வெளியே தொலைவிலிருந்து மூடக்கூடியதாக இருத்தல் வேண்டுமென வற்புறுத்தியது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வால்வைத் திறப்பது எளிதாகவே இருந்தது. அதை மூடுவதே இயலாமற் போயிற்று. மூட வேண்டிய நேரத்தில் மனிதர் நிற்க முடியாத இடத்தில் வால்வு இருந்தது. தானியங்கி வடிப்புக்கு ஆதரவான காரணங்களுள் முதன்மையானது இதுவே. ஆட்கூலியை மிச்சப்படுத்துவதும் எண்ணெயை மிச்சப்படுத்துவதும் அதற்கு அடுத்த காரணங்கள்.

கருவி இயங்கும் முறை

எண்ணெயையும் நீரையும் வேறுபடுத்தி அறிவதற்கு இயற்கையே பல அடையாளங்களை அளித்துள்ளது. முதலாவது அடர்த்தி. பெட்ரோலின் அடர்த்தி நீரின் முக்கால் பங்களவும், டீசலின் அடர்த்தி 0.83 அளவும் உள்ளது. 0.92 அளவுடைய ஒரு மிதவை எண்ணெயில் மூழ்கும், நீரில் மிதக்கும், ஆகவே இரண்டின் எல்லையில் நிற்கும். நீர் உயர்ந்தால் மிதவை உயர்ந்து வடிகாலைத் திறக்கும். நீர் தாழ்ந்தால் தானும் தாழ்ந்து மூடும். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. எரியும் ஆவி சூழ்ந்த இடத்தில் இது பெரும் நன்மை.

இரண்டாவது அடையாளம் மின்பண்பு. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது; உப்புக் கலந்த அடிநீர் கடத்தும். எண்ணெயின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2. நீருக்கோ ஏறத்தாழ 80. நாற்பது மடங்கு வேறுபாடு இருப்பதால், தொட்டிக்குள் நீட்டிய உணர்கோல் தன்னைச் சூழ்ந்திருப்பது எதுவெனப் பிழையின்றிச் சொல்லிவிடும். மைக்ரோ அலைகளை நீர் பெரிதும் உட்கவர்வதையும் எண்ணெய் அவ்வாறு கவராததையும் பயன்படுத்தும் உணர்கோல்களும் உண்டு. உணர்கோல்கள் இரண்டாக வைக்கப்படுவது நன்று. மேலுள்ளது நீர் சேர்ந்துவிட்டதை அறிவித்து வடிப்பைத் தொடங்கும். வடிகால் வாய்க்குச் சற்று மேலே நிற்கும் மற்றொன்று, எண்ணெய் நெருங்குவதை உணர்ந்தவுடன் வால்வை மூடும். சிறிதளவு நீர் வேண்டுமென்றே உள்ளே விடப்படும். அதுவே எண்ணெய்க்கும் வடிகாலுக்கும் இடையே காவல்.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. வால்வு வில்லால் மூடிக்கொள்ளும் வகையினதாக இருத்தல் வேண்டும். மின்சாரமோ அழுத்தக் காற்றோ நின்றுபோனால் அது மூடிய நிலைக்கே திரும்ப வேண்டும். திறந்த நிலையில் செயலிழக்கும் தானியங்கி, கவனமற்ற மனிதனைவிடக் கொடியது. ஏனெனில் அதனை எவரும் சந்தேகிப்பதில்லை.

மறுப்புகளும் விடைகளும்

தானியங்கிகளை எதிர்ப்போர் கூறும் காரணங்கள் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. மிதவையில் பிசுக்கும் துருவும் படிந்து சிக்கிக்கொள்ளும் என்பர்; உண்மை. கச்சா எண்ணெயில் நீரும் எண்ணெயும் பால்மமாகக் கலந்து, இரண்டுமல்லாத ஓர் இடைப்படலம் உண்டாவதால் உணர்கோல் தடுமாறும் என்பர், இதுவும் உண்மை. கனத்த கச்சா எண்ணெயின் அடர்த்தி நீரை நெருங்குவதால் மிதவை முறை அங்கே உதவாது. ஆயின் பெங்களூர் போன்ற உள்நாட்டு நிலையங்களில் சேமிக்கப்படுவன தெளிந்த பொருள்களான பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் ஆகியவையே. இவற்றில் எல்லை தெளிவாக இருக்கும். ஆகவே கருவிக்கு மிகவும் உகந்த இடம் இத்தகைய நிலையங்களேயாகும்.

செலவு மிகுதி என்ற மறுப்பை எளிய கணக்கால் விடுக்கலாம். ஒருமுறை ஐந்து நிமிடம் தவறினால் ஓடிப்போகும் எரிபொருளின் மதிப்பையும், அது சென்று சேரும் கழிவுநீர்ப் பிரிப்பானைத் தூய்மைசெய்யும் செலவையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். அதனுடன் மனித உயிரையும் சேர்த்தால் கணக்கு முடிந்துவிடும்.

இவையனைத்தினும் வலிய மறுப்பு ஒன்று உண்டு; அதைப் பலர் எழுப்புவதில்லை. நீர் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. நேற்று வரை வாரத்திற்கு நூறு லிட்டர் நீர் தந்த தொட்டி இவ்வாரம் இரண்டாயிரம் லிட்டர் தருமாயின், கூரை வடிகுழாய் உடைந்திருக்கலாம். விளிம்புப் பட்டை கிழிந்திருக்கலாம். குழாய் வழியே வந்த சரக்கிலேயே கோளாறு இருக்கலாம். கையால் வடித்த தொழிலாளி, "இந்தத் தொட்டி இப்போது அதிக நீர் விடுகிறது" என்று மேற்பார்வையாளரிடம் சொல்லியிருப்பார். ஓசையின்றி நீரை வெளியேற்றும் கருவி அதைச் சொல்லாது. காய்ச்சலைக் கண்டவுடன் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணியை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும் தாதியைப் போல, அது அறிகுறியைத் துடைத்துவிட்டு நோயை வளரவிடும்.

ஆகவே தானியங்கி வடிப்பை மூன்று நிபந்தனைகளுடன் ஏற்பதே அறிவுடைமை. ஒன்று, தானே மூடிக்கொள்வது அதன் முதற்கடமையாக இருத்தல் வேண்டும். தானே திறந்துகொள்வது இரண்டாம் நிலையே. முழுத் தானியங்கிக்கு வசதியற்ற நிலையங்கள்கூட, மனிதர் திறந்து கருவி மூடும் ஏற்பாட்டையேனும் உடனே மேற்கொள்ளலாம். இரண்டு, வடிந்த நீரை அளந்து பதிவுசெய்யும் அளவுமானி ஒன்று அதனுடன் இருத்தல் வேண்டும். அளவு வழக்கத்தை மீறினால் மணி ஒலிக்கவேண்டும். மூன்று, அளவு நாடாவும் தண்ணீர் காட்டும் பசையும் ஓய்வு பெறக்கூடாது. கருவி சொல்வதும் நாடா சொல்வதும் ஒத்திருக்கின்றனவா என்பதைக் குறித்த நாட்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் பணியை ஒரு மனிதரே செய்தல் வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்: ஒரு விதிவிலக்கு

கருவியின் எல்லையையும் கூறுதல் முறையாகும். 2023 பிப்ரவரி 6ஆம் நாள் பெங்களூரில் நடைபெற்ற இந்திய எரிசக்தி வார விழாவில், நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகம் செய்யப்பட்டது. 2025இல் நாடு தழுவிய கலப்பு அந்த அளவை எட்டியது. எத்தனாலோ எண்ணெயுடனும் கூடும், நீருடனும் கூடும், நீரையே மிகுதியும் விரும்பும். ஆகவே இத்தகைய பெட்ரோலில் சிறிதளவு நீர் புகுந்தால் அது அடியில் தனியே தங்காமல், எரிபொருளிலேயே கரைந்து மறைந்துவிடும். பத்து விழுக்காடு கலப்பில் ஏறத்தாழ அரை விழுக்காடு நீர் வரை இவ்வாறு கரையும். எல்லையைத் தாண்டினாலோ எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீருடன் சேர்ந்து அடியில் இறங்கும். அடியில் நிற்பது அப்போது வெறும் நீரன்று. எரியக்கூடிய சாராய நீர். மேலே எஞ்சுவதும் முன்னைய பெட்ரோலன்று. அதன் ஆக்டேன் எண் குறைந்திருக்கும்.

இங்கே வடித்தல் மருந்தாகாது. வடித்தால் எத்தனாலும் போய்விடும். மேலே எஞ்சியது விற்பனைக்குத் தகாததாகிவிடும். பழைய வகைத் தண்ணீர் காட்டும் பசையும் இந்தச் சாராய நீரைச் சரிவரக் காட்டாது. அதற்கென அமைந்த பசையையே பயன்படுத்த வேண்டும். சேமிப்பு நிலையங்களில் எத்தனாலைத் தனித் தொட்டியில் வைத்து, லாரி நிரப்பும் மேடையில் மட்டும் கலப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்ரோல் நிலையங்களின் நிலத்தடித் தொட்டிகளிலோ நீரை வெளியேற்றுவதைப் பற்றி எண்ணுவதைவிட, நீர் நுழையும் மூடிகளையும் மூட்டுகளையும் மழைக்காலத்திற்கு முன்னரே அடைப்பது மேல். வெள்ளம் வருமுன் அணைபோடு என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பதரிது.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

இப்பொருள் பொறியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒன்பதாம் வகுப்பு மாணவர் கற்கும் மிதத்தல் விதியே இதன் அடிப்படை. ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் பாதி நீரும், அதன்மேல் சிறிது மண்ணெண்ணெயும் ஊற்றி, நீர்ப்புட்டியின் பிளாஸ்டிக் மூடியிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றை உள்ளே இட்டால், அது எண்ணெயில் மூழ்கி நீரின்மேல் நின்றுவிடும். மண்ணெண்ணெயில் நிற்காமலும் நீரில் அமிழாமலும் எல்லையைக் காத்து நிற்கும் அத்துண்டே தானியங்கி மிதவையின் முழுத் தத்துவம். அருகில் தீ எதுவும் இல்லாதபடி ஆசிரியரே இதனைச் செய்துகாட்டுதல் வேண்டும். அடுத்து, டார்ச் விளக்கின் மின்கலமும் சிறு ஒளிவிளக்கும் கொண்டு, உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதையும், தனியொரு கிண்ணத்திலுள்ள சமையல் எண்ணெய் கடத்தாததையும் காட்டினால் உணர்கோலின் தத்துவமும் விளங்கிவிடும். "மூட வேண்டிய வால்வு, மின்சாரம் நின்றால் எந்த நிலையில் நிற்க வேண்டும்?" என்ற கேள்வியை வகுப்பில் எழுப்பினால், மாணவர் விடை காண்பதற்குள்ளேயே பாதுகாப்புப் பொறியியலின் முதற்பாடத்தைக் கற்றுவிடுவர்.

களப்பணியாளர்க்குரியவை சில உண்டு. வடிக்கும் வேளையில் வால்வை விட்டு அகலலாகாது. ஒரே நேரத்தில் இரு தொட்டிகளை வடிக்கலாகாது. காற்று வீசும் திசையை அறிந்து, ஆவி தம்மை நோக்கி வராத பக்கத்தில் நின்று பணிபுரிதல் வேண்டும். நீர் சிறுத்து வருகையில் வால்வை மேலும் திறப்பதற்குப் பதிலாகக் குறைத்தல் வேண்டும். அடைப்பு என்று ஐயுற்றால் மூடிவிட்டு மேற்பார்வையாளரை அழைத்தல் வேண்டும். ஃபேசின் தரும் படிப்பினை இதுவே. வடிந்த நீரைத் திறந்த கால்வாயில் விடாமல் எண்ணெய்ப் பிரிப்பானுக்கே அனுப்புதல் வேண்டும். சரக்கு வந்தபின் நீர் அடங்குவதற்குரிய நேரத்தைக் கொடுத்துப் பின்னரே வடித்தல் வேண்டும். விமான எரிபொருளில், மாதிரி எடுத்துக் குப்பியில் தெளிவைப் பார்ப்பதும், நீர் இருந்தால் மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் சோதனைக் குளிகையைப் பயன்படுத்துவதும் ஒருநாளும் தவறலாகாது. எவ்வளவு வடிந்தது என்பதை நாள்தோறும் எழுதிவைத்தல் வேண்டும். எழுதப்படாத நீர் மறக்கப்பட்ட நீராகும்.

கருவி வந்தால் மனிதரின் வேலை போய்விடும் என்ற அச்சம் இத்துறையில் பொருளற்றது. மழையில் நனைந்து ஆவியை முகர்ந்து நிற்கும் வேலை போவது இழப்பன்று. அதன் இடத்தில் பதிவேட்டைப் படித்து, தொட்டியின் உடல்நிலையை அறிந்து, பழுதை முன்கூட்டியே சொல்லும் வேலை வருகிறது. முன்னதற்குப் பொறுமை போதும். பின்னதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவைக் களப்பணியாளருக்கு அளிக்கும் பயிற்சியையும் கருவியின் விலையோடு சேர்த்தே நிர்வாகங்கள் கணக்கிடுதல் வேண்டும்.

நீர் எண்ணெயுடன் ஒட்டாமல் அடியில் ஒதுங்குவது இயற்கை மனிதனுக்குச் செய்த உதவி. ஒதுங்கியதை வெளியேற்றும் வாயிலை உரிய நேரத்தில் மூடுவது மட்டும் மனிதனின் பொறுப்பாக விடப்பட்டுள்ளது. அப்பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்து, அக்கருவியைக் கண்காணிக்கும் பொறுப்பை மனிதர் தம்மிடம் வைத்துக்கொள்வாராயின், தேவனகொந்தியிலோ வேறெங்கோ மழை பெய்யும் இரவொன்றில் வால்வின் அருகே எவரும் தனியே நிற்கவேண்டிய தேவை இராது.